பேனரில் முடிந்த ஓட்டம்

கரையாம்புத்தூர் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பேனரைக் கட்ட ஆட்கள் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பேனரில் சிரித்துக்கொண்டிருந்த ஜெயசுதா ஊருக்கு வெளியே ஒரு மதகின் கட்டைச்சுவர் மேல் உட்கார்ந்திருந்தாள். வலது காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கெண்டைச்சதை கல்லாகி நின்றது. அவளைத் தாண்டி இரண்டு பேர் ஓடிப்போனார்கள். அதில் ஒருவர் கையைத் தூக்கி ஏதோ சொன்னார், அது அவள் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில், கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் வெள்ளை வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண், போதுமா மேடம் என்று மரியாதையாகக் கேட்டாள். ஜெயசுதா மார்பில் ஊக்குகளால் குத்தியிருந்த எண் துணியைத் தானே கழற்றி, நான்காக மடித்துக் கொடுத்தாள்.

பேனரில் இப்படி இருந்தது: ‘அறுபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டத்தை வெற்றிகரமாக முடித்த எங்கள் ஊர் வீரமங்கையை வாழ்த்தி மகிழ்கிறோம்.’ கீழே வரிசையாக ஊர்ப் பையன்களின் முகங்கள், கறுப்புக் கண்ணாடியோடு. ஓரத்தில் அவள் கணவன் குழந்தைவேல், கை கூப்பியபடி. முந்தின நாள் மாலையே அச்சடித்து வாங்கி வைத்தது.

ஓட்டம் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்ட விதம் பெரிய கதை ஒன்றுமில்லை. ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, விடியற்காலையில் கரும்புக் கொல்லை ஓரமாக ஓடிப் பழகினாள். ஓட்டத்தில் தேறினாள், எழுத்துப் பரீட்சையில் விட்டாள். அடுத்த முறை ஆள் எடுத்தபோது வயது கடந்துவிட்டிருந்தது. மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த பிறகும் காலை ஓட்டம் நிற்கவில்லை. எதற்காக ஓடுகிறாள் என்று கேட்டவர்களுக்குச் சுகர் வராது என்று சொல்லிவைத்தாள். உண்மையில் அவளுக்கே தெரியாது. நாள் முழுக்க மற்றவர்களின் ரத்தமும் சீழும் பட்ட போர்வைகளைத் தொட்டுக்கொண்டிருக்கிற உடம்புக்கு, அந்த ஒரு மணி நேரம் மட்டும் தன் சொந்த வேர்வை.

மகள் இளவரசி காரைக்காலுக்குப் படிக்கப் போய் ஹாஸ்டலில் தங்கிய பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. ஓடும் தூரம் கூடியது. டவுனில் ஓட்டக்காரர்கள் கூட்டம் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மாசி மாதத்தில், வில்லியனூர் தேரடியில் விடியுமுன் தொடங்கி, ஊசுடு ஏரியைச் சுற்றி, மதகடிப்பட்டு, நெட்டப்பாக்கம் வழியாக இறங்கி, கரையாம்புத்தூரைத் தொட்டு, பாகூர் ஏரிக்கரையில் முடிகிற ஓட்டத்தை நடத்தினார்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். தன் ஊர் வழியாகவே போகிற ரோடு என்பதால்தான் ஜெயசுதா பேர் கொடுத்தாள். அதுதான் அவளைக் கவிழ்த்தது.

கரையாம்புத்தூருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆடியிலும் மாசியிலும் மேல்மலையனூருக்கு நடந்துபோகிற கூட்டம் அந்தப் பக்கம் வரும். ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கிறவர்கள் வருவார்கள். யார் வந்தாலும் ஊர் அவர்களை நிற்கவைத்து அனுப்பாது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவி, எண்ணெய் தடவி, சோறு போட்டுத்தான் அனுப்பும். நடந்து வந்த காலைக் கழுவினால் நடந்த புண்ணியத்தில் பாதி கழுவினவர்களுக்கு என்று கணக்கு. அப்படிப்பட்ட ஊருக்குள் தங்கள் வீட்டு மருமகளே ஓடி வருகிறாள் என்றால் கேட்க வேண்டுமா?

அன்று ஊர் எல்லையில் தவில் அடித்தார்கள். நாத்தனார் அமுதம் தாம்பாளத்தோடு ரோட்டின் நடுவில் நின்றாள். ஜெயசுதாவுக்கு அதுவரைக்கும் கால் நன்றாகவே இருந்தது. வெயில் ஏறியிருந்தாலும் மூச்சு ஒழுங்காக ஓடியது. நிற்காமல் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அமுதம், வயதில் மூத்தவள், அவள் காலைக் கழுவக் குனிந்து நிற்கிறாள். குனிந்தவளைத் தாண்டிக் கால் எடுத்து வைக்க எந்த மருமகளால் முடியும்?

"ரெண்டே நிமிசம் ஒக்காரு. ஊரு கண்ணு பட்டுடப் போவுது," என்றாள் அமுதம்.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் குழந்தைவேல்தான் கொண்டுவந்து போட்டான். மடியில் யாரோ தயிர்சோற்றுத் தட்டை வைத்தார்கள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு காலாக எடுத்து எண்ணெய் தேய்த்தார்கள். ஐந்து பேர் செல்ஃபி எடுத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, உண்மையைச் சொன்னால், அவளுக்கு சந்தோஷமாக இருந்தது. அதுதான் பிறகு நினைத்து நினைத்து அவளைக் குடைந்தது. எழுந்தபோது இரண்டு கால்களும் அவளுடையவை அல்ல. மதகு வரைக்கும் நொண்டிக்கொண்டே போனாள்.

வேன் அவளை பாகூரில் இறக்கிவிட்டது. பஸ் ஏறி ஊருக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் இறங்கித் தன் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டாசு வெடித்தது. தான் முடிக்கவில்லை என்று அவள் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னாள், பிறகு கொஞ்சம் உரக்கவும் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். படித்தவர்கள் மாதிரி அடக்கமாகப் பேசுகிறாள் என்றார்கள். வில்லியனூரிலிருந்து ஊர் வரைக்கும் காலாலேயே வந்தாயிற்று, வந்து உட்கார்ந்தாயிற்று, அதற்கு அப்புறம் பாகூரில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஊருக்குத் தெரிந்த நடையெல்லாம் எங்காவது வந்து சேர்வதற்காக நடப்பது. அவள் வீடு வந்து சேர்ந்துவிட்டாள். ஓட்டம் முடிந்தது.

குழந்தைவேலிடம் ராத்திரி படுக்கும்போது மறுபடியும் சொன்னாள். அவன் அவள் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். தூங்கு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். காலையில் யாரும் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்கள்தான் கடினமானவை. செத்த வீட்டுக்கு நாலு பேர் வந்து உட்காருவார்கள். பரீட்சையில் விட்ட பிள்ளைக்கு ஒருத்தராவது ஆறுதல் சொல்லுவார். அவளுக்கு அதுவும் இல்லை. எங்கே போனாலும் வாழ்த்து. பால் சொசைட்டியில் வாழ்த்து, ரேஷன் கடையில் வாழ்த்து. மகளிர் தினத்தன்று ஆஸ்பத்திரியில் பொன்னாடை போட்டார்கள். மகள் போனில், ஃப்ரெண்ட்ஸ் எல்லாரிடமும் அம்மா போட்டோவைக் காட்டினேன் என்றாள். அதற்குப் பிறகு அவளிடமும் எதையும் சொல்ல முடியவில்லை. வாழ்த்துகிற ஒவ்வொருத்தரும் ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போவதுபோல இருந்தது. முதல் சில வாரங்கள் மறுத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்கக் கற்றுக்கொண்டாள். ஓடுவதை விட்டாள். வேலைக்குப் போகிற பஸ்ஸை தினமும் அந்தப் பேனருக்குக் கீழே நின்றுதான் பிடிக்க வேண்டும். வெயிலில் மஞ்சள் முதலில் வெளுத்தது, பிறகு அவள் புடவை வெளுத்தது. ‘வெற்றிகரமாக’ என்ற நீல எழுத்து மட்டும் வெளுக்கவே இல்லை.

சலவைப் பிரிவில் அவளோடு ஜோடியாக வேலை செய்தவள் லில்லி. நெட்டப்பாக்கத்துக்காரி. பெரிய போர்வைகளை இரண்டு பேராகத்தான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, கிட்டே வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். நாள் முழுக்க இப்படி நெருங்கியும் விலகியும்தான் அவர்கள் பேச்சு நடக்கும். ஒருநாள் ஜெயசுதா எதுவும் பேசாமல் மடித்துக்கொண்டிருந்தாள். வாழ்த்து கேட்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்குவதைப் பார்த்திருந்த லில்லி, முனையைக் கொடுக்கக் கிட்டே வந்தபோது அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, ஓட்டத்துல பாதியில நின்னுட்டியா?"

"ம்."

"அப்போ தோத்துட்ட."

"ஆமாம்டி. தோத்துட்டேன்."

லில்லி முனையை விட்டாள். அடுத்த போர்வையை எடுத்தார்கள். ஜெயசுதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து நிற்கவே இல்லை. டிரையர் சூட்டில் எல்லாருக்கும் கண் எரிவது வழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. தோற்றவளாக அவளை ஒரு ஆளாவது பார்த்துவிட்டது. அது போதுமானதாக இருந்தது. மறுநாள் விடியற்காலை ஷூவை எடுத்து, உள்ளே கூடு கட்டியிருந்த குளவி மண்ணைத் தட்டிவிட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதமே லில்லி மகள் வீட்டோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டாள். போர்வையின் மறுமுனையை இப்போது ஒரு புதுப் பெண் பிடித்தாள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு.

ஐப்பசி மழைக்கு முன்னால் குழந்தைவேல் பேனரை அவிழ்த்துக் கொண்டுவந்து வைக்கோல் போரின் மேல் போர்த்தினான். அந்தப் பக்கத்தில் எல்லா வைக்கோல் போர்களும் இப்படித்தான். கல்யாணப் பெண், காதுகுத்துக் குழந்தை, செத்துப்போன பெரியவர் என்று யாராவது ஒருத்தர் மழையில் நனைந்துகொண்டிருப்பார். ஜெயசுதா தலைகீழாக இருந்தாள். நாலு மூலையிலும் கயிறு கட்டிச் செங்கல் தொங்கியது. காலையில் ஓடக் கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும் அவள் அந்தத் தலைகீழ் முகத்தைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. மாடு இழுத்துத் தின்னத் தின்ன போர் ஒரு பக்கம் சரிந்து, முகமும் சரிந்தது.

எல்லாத் திசையிலும் ஓடினாள். மதகடிப்பட்டு பக்கம், மடுகரை பக்கம், கரும்பு லாரிகள் போகிற மண்பாதை எல்லாம். தனியாகத்தான். பொம்பளை இருட்டில் ஓடுகிறாளே என்று முன்பு கேட்ட நாய்களும் மனிதர்களும் இப்போது பழகிவிட்டிருந்தார்கள். பாகூர் ரோட்டில் மட்டும் மதகு வரைக்கும் போய்த் திரும்பிவிடுவாள். அதற்கு மேல் ஒரு அடி வைப்பதில்லை. பாகூருக்கு ஏதாவது வேலை இருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போனாள். அந்த மிச்ச ரோட்டைக் காலுக்குப் பழக்கப்படுத்த அவளுக்கு மனமில்லை. அது அந்த நாளுக்கானது.

தை பிறந்ததும் மறுபடி பேர் கொடுத்தாள். கால் வலிமை பற்றி அவளுக்குப் பயம் இல்லை. நாற்காலியை நினைத்துத்தான் பயம். ஊர் இப்போதே பேசிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் தவிலோடு நாதஸ்வரமும் வைக்கலாமா என்று அமுதம் கேட்டுவிட்டாள். ஊரைப் பகைத்துக்கொண்டு ஊருக்குள் இருக்க முடியாது. ஆனால் இன்னொரு முறை அந்த மதகில் உட்கார்ந்தால் பிறகு எப்போதும் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த குழந்தைவேலுக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"இந்த வாட்டி யாரும் வரக்கூடாதுங்க. நாற்காலி வேணாம். தாம்பாளம் வேணாம்."

அவன் நிமிரவில்லை. "ஓடியார பொம்பளைக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்காத ஊருன்னு பேரு எடுக்கணுமா?"

"ஒக்காந்தா எனக்கு எழுந்திரிக்க வராது. போன வருசம் நான் முடிக்கலை."

"தெரியும்."

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டாள். வேனில் இருந்த பெண் அன்றைக்கே அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவசரத்துக்கு என்று கொடுத்திருந்தது அவன் நம்பர்தான். ஏணி மேல் பையன் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்ததாம். அவனும் ஊரைப் போல நம்பவில்லை என்று அவள் நினைத்திருக்க, இத்தனை மாதமும் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"இன்னா பண்ணச் சொல்ற? பேனர் அடிச்சாச்சு," என்றான் அவன். கொஞ்சம் சாப்பிட்டான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாற்காலிய நாந்தான் போட்டேன்," என்றான்.

ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஒரே விஷயத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் ஊரிடம் என்ன சொன்னானோ தெரியாது. அமுதம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தெருக்குழாயில் அவளைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். வருகிறவர்களைக் கவனிக்கத்தான் ஊருக்குத் தெரியும், கவனிக்காமல் இருப்பது எப்படி என்று அதற்குத் தெரியாது என்பது ஜெயசுதாவுக்குப் புரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பிடிவாதம் போய்விடும்.

மாசியில் அந்த நாள் வந்தது. தேரடியில் கிளம்பியபோது அவளைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஊசுடு ஏரியைச் சுற்றி முடித்தபோது முன்னும் பின்னும் ஆள் தெரியவில்லை. நெட்டப்பாக்கம் தாண்டியபோது வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கால் அதன் வேலையைச் செய்தது. அவள் அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டாள். ஊர் எல்லை நெருங்க நெருங்க தவில் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினாள்.

சத்தம் எதுவும் இல்லை.

ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பஸ் ஸ்டாப் காலியாக இருந்தது. கடை பாதி மூடியிருந்தது. வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. ஓடி வருகிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாதவர்கள் எல்லாரும் கொல்லைக்கோ வீட்டுக்குள்ளோ போய்விட்டிருந்தார்கள். அமுதம் வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. அவள் கேட்டது இதைத்தான். கேட்டது கிடைத்த பிறகு, யாராவது ஒரு முகம், ஒரே ஒரு முகம் தெரியாதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓடினாள். தன் ஊருக்குள் தானே ஒரு வழிப்போக்கராகப் போவது இதுதான் முதல் தடவை.

அப்போதுதான் காலுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. குனிந்து பார்த்தாள். தார் ரோடு ஈரமாக இருந்தது. ஊர் எல்லை மரத்தடியிலிருந்து ரோட்டின் இடது ஓரம் முழுக்க, அவள் ஓடுகிற அகலத்துக்கு, யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நடைக் கூட்டம் வரும்போது செருப்பில்லாத கால்களுக்காக டிராக்டரில் டேங்க்கைக் கட்டி ஊற்றுவார்களே, அதுபோல. ஊர் முழுக்க அந்த ஈரம் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஷூ போட்ட காலுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் சூடு கொஞ்சம் அடங்கி, நனைந்த தாரின் வாசனை மூக்கில் ஏறியது. கடைசி வீடு தாண்டி, தண்ணீர் தீர்ந்த இடத்தில் ஈரம் சொட்டுச் சொட்டாகச் சிதறி முடிந்திருந்தது. டிராக்டர் திரும்பிய சக்கரத் தடம் மண்ணில் இருந்தது. ஆள் இல்லை.

மதகு வந்தது. கட்டைச்சுவரில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. அவள் அதைக் கடந்தாள்.

அதற்கப்புறம் பாகூர் வரைக்கும் உள்ள ரோட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. அறுத்து முடித்த வயல்கள், தாளடியில் மேய்கிற வாத்துகள், இடையில் தமிழ்நாட்டு எல்லை வந்ததும் கொஞ்ச தூரத்துக்கு மோசமாகிப் பிறகு சரியாகும் ரோடு. ஓரிடத்தில் வாந்தி எடுத்தாள். ஓரிடத்தில் அழுதாள். ஓரிடத்தில் காரணம் இல்லாமல் லில்லியின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்தாள். பிறகு மறுபடி ஓடினாள். ஒவ்வொரு வளைவும் கால் அறியாத வளைவாக இருந்தது.

ஏரிக்கரையில் பந்தல் கட்டுகிறவர்கள் ஒரு பக்கத்தை ஏற்கெனவே பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். நேரம் மட்டும் மிச்சமிருந்தது, கொஞ்சமாக. போன வருஷம் வேனில் வந்த அதே பெண் மெடலைக் கழுத்தில் மாட்டிவிட்டு, வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா மேடம் என்று கேட்டாள். வரவில்லை என்றாள் ஜெயசுதா. வாழைப்பழம் கொடுத்தார்கள். ஏரியைப் பார்த்து நின்றுகொண்டே தின்றாள். உட்காரவில்லை.

பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வந்தாள். ஊரில் இறங்கியபோது பஸ் ஸ்டாப்பில் பேனர் இல்லை. கடைக்காரர் வீரப்பன் மட்டும் கதவுப் பலகையை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஓடிவிட்டுத்தான் வருகிறாயா என்று கேட்டார். ஓடினேன் என்றாள்.

"முடிச்சியா?"

அந்தக் கேள்வியை ஊரில் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"முடிச்சேண்ணா."

"அதான் போன வருசமே முடிச்சிட்டியே," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பலகையை எடுத்தார்.

வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. தண்ணீர் டேங்க்கை இன்னும் அவிழ்க்கவில்லை, அதன் குழாய் தரையில் தொங்கிக்கிடந்தது. குழந்தைவேல் வெளியே வந்து அவள் கழுத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான். உள்ளே போய் அந்தச் சிவப்பு நாற்காலியை எடுத்துவந்து, வைக்கோல் போருக்கு எதிரே நிழலில் போட்டான்.

"இப்போ ஒக்காரலாமா?" என்று கேட்டான்.

அவள் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக உட்கார்ந்தாள். அப்போது கரண்ட் வந்துவிட்டது. கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மடை திருப்ப வேண்டும் என்று அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் தனியாக இருந்தாள். எதிரே போரின் மேல், வெளுத்துப்போன அந்த இன்னொருத்தி தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மதகோடு நின்றுபோனவள் அவள். அதற்கப்புறம் இருந்த ரோடு இவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கெண்டைச்சதை மெல்லக் கல்லாகிக்கொண்டு வந்தது. ஜெயசுதா அதை அப்படியே விட்டுவிட்டாள். எழுந்து போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.